ஞானம் முடிச்சு

இல்ல மாமி, அறுந்து போகல்ல. பாவம், பிள்ளைக்கு செருப்பு அறுந்து போச்சாக்கும்ண்ணு நீங்க அந்த அக்காட்ட சொன்னது எனக்கு கேட்டுது. மெதுவாத்தான் சொன்னிய. மெதுவா சொல்லுததுதான் எனக்கு நல்லா கேக்கும். நேர்ச்சையா இருக்கும்ண்ணு அக்கா சொன்னாங்க இல்லியா, அதுவும் கேட்டுது. நேர்ச்சை, வேண்டுதல் ஒண்ணும் இல்ல, நாங்க சி.எஸ்.ஐ. சபையாக்கும். அந்த அக்கா நெய்யாற்றின்கரையில எறங்கினது நல்லதா போச்சு, எனக்கு இருக்க எடம் கிடைச்சுது.

குடைய இங்க தாங்க, நான் பிடிச்சுக்கிடுதேன். முன்னால மூத்தவங்க சீட்டுல மடியில பொட்டிய வச்சிட்டு இருக்காரே, அவரு முதுகுல குத்தீரும்.

நானா? கள்ளிக்காட்டுக்கு. அங்க இண்ணைக்கு ட்ரையத்லான் உண்டு. ட்ரை-யத்-லான். கேக்கல்லியா? பஸ்ஸு போடுத சத்தம். இருங்க, நான் கொஞ்சம் சத்தமாவே சொல்லுதேன். முதல்ல நீந்தணும், பின்ன சைக்கிள் சவுட்டணும், அது கழிஞ்சு ஓடணும். எடையில உக்காந்து சாயா குடிக்க பற்றாது, விட மாட்டாவ. ஆமா, மூணும் ஒரே ஆளுதான். என்ன கிடைக்கும்ண்ணா... ஒரு மெடலு, ஒரு வாழைப்பழம்.

முதலையா? அத எல்லாரும் கேக்குதாவ. நாங்க நீந்துதது அந்த முதலை கிடக்குத டேமுல இல்ல மாமி, அதுக்கு இங்கால ஒரு பெரிய குளத்துல. அங்க தவளைதான் உண்டு.

ஆமா, வெறுங்காலோடத்தான். ஓட்டம் மாத்திரம் இல்ல, சைக்கிளும் அப்படித்தான். சைக்கிள நேத்தே சஜின் அண்ணன் பிக்கப்புல கொண்டு போயாச்சு, எங்களுக்கு சொல்லித்தாறது அவருதான். பெடலு கால அறுக்காம இருக்க ஒரு துண்டு ரப்பர் ஷீட்டு சுத்தி வச்சிருக்கேன். எங்க அடுக்களையில புகை போட்ட ஷீட்டு. கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு, வழுக்காது. நாத்தம்தான் கொஞ்சம் உண்டு. ஆரியங்கோடு ஏத்தத்துல ஒரு நாயி என்ன விடவே இல்ல, பெடல மோந்துட்டே வருது. ஏத்தத்துல என் வேகம் அவ்வளவுதான்.

கேட்டாச்சு மாமி, போட்டி நடத்துதவங்கட்ட முதல்லயே கேட்டாச்சு. ஹெல்மெட்டு கண்டிப்பா வேணுமாம். தலைக்குத்தான் சட்டம், காலுக்கு இல்ல.

வீட்டுலயா? மாமி, சரியா போய் அதுலயே சவுட்டிட்டிய. எங்க அப்பாவுக்கு பாறசாலையில செருப்புக்கடையாக்கும்.

சிரிங்க, சிரிங்க. எல்லாரும் சிரிக்கத்தான் செய்வாவ.

ஞானம் ஃபுட்வேர். அப்பா பேரு ஞானசிகாமணி. ஓ, தெரியுமா? அப்ப அவர பாத்திருக்க மாட்டிய, அவருதான் உங்க கால பாத்திருப்பாரு. ஞாயித்துக்கிழமை ஆராதனை கழிஞ்சா எல்லாரும் போதகருக்கு கை குடுக்க நிப்பாவ. அப்பா முதல்ல வெளிய வந்திருவாரு. படியில கழத்திப் போட்டிருக்க செருப்ப ஒக்க, எல்லாத்தையும், ஒரு பார்வை. இது நம்மது, இதுவும் நம்மது, இது நெய்யாற்றின்கரையில போய் வாங்கினது, துரோகி. பிரசங்கம் அவருக்கு வெளியதான்.

அவருட்ட இன்னொரு காரியம் உண்டு. முடிச்சு. பொட்டிக்கு மேல சணல் கயித்த குறுக்கயும் நெடுக்கயும் சுத்தி ஒரு முடிச்சு போடுவாரு பாருங்க, பஸ்ஸுக்கு மேல போட்டு மதராசுக்கு விட்டாலும் அவுராது. ஊருல அதுக்கு ஞானம் முடிச்சுண்ணுதான் பேரு. குளத்தூருல ஒரு மாப்பிள்ளை, கல்யாணத்தண்ணு காலம்பற செருப்புப் பொட்டிய தொறக்க முடியாம பழைய செருப்போட ஆல்டருக்கு முன்னால நிண்ணான். அப்பாவுக்கு அதக் கேட்டு சங்கடம்ண்ணா நினைக்கிய? சந்தோசம். வாறவன் போறவன்ட்ட எல்லாம் சொல்லுவாரு.

கேக்குது இல்லியா? சரி.

கழிஞ்ச வருசந்தான் எனக்கு முதல் போட்டி. அப்பாவுக்கு ஒரே உத்சாகம். கடையிலயே நல்ல ஷூவ எடுத்தாரு. கனமே கிடையாது, கையில வச்சா வெறும் பொட்டிய தூக்குத மாதிரி. முன்னாலயே ஒரு தடவை போட்டுப் பாத்தேன். பின்ன அத தொடச்சு, முனையில பேப்பர் திணிச்சு, லேசு முழுக்க கோத்து, பொட்டியில வச்சு, அந்த முடிச்சு போட்டுக் கெட்டி என் கையில தந்தாரு. அங்க போய் தொறந்தா போதும் மக்கா, பொடி பிடிச்சிரும்ண்ணாரு. கடைக்கு ஆளு வரும்ண்ணு அவருக்கு கூட வர முடியல்ல.

நானும் சரிண்ணு பொட்டிய சைக்கிளு பக்கத்துல வச்சேன். மற்றவங்க ஷூவெல்லாம் லேசு தளத்தி வாயத் தொறந்து வச்சிருக்கு, காக்காக் குஞ்சு மாதிரி. எனக்கு மட்டும் பார்சலு. அவுத்து வைக்கணும்ண்ணு அப்ப தோணல்ல. அப்பா சொன்னாருல்லா, அங்க போய் தொறந்தா போதும்ண்ணு. அங்கண்ணா எப்பண்ணு நான் கேக்கல்ல. நான் எதத்தான் கேட்டிருக்கேன்.

குளத்துல இருந்து ஏறி ஓடி வாறேன். கையெல்லாம் வெள்ளம். சணலு நனைஞ்சா என்ன ஆகும், உங்களுக்கு தெரியும். இன்னும் முறுகுது. நெகம் வச்சு பாத்தேன். பல்லு வச்சு பாத்தேன். சைக்கிளு கம்பியில மாட்டி இழுத்தேன். சஜின் அண்ணன் எல்லைக்கு கெட்டின கயித்துக்கு அந்தப்பக்கம் நிண்ணு தலையில அடிக்காரு, ஆனா உள்ள வரப் பற்றாது, வெளி ஆளு தொட்டா நான் அவுட்டு. எனக்கு பின்னால வந்தவங்க போனாங்க. அவங்களுக்கு பின்னால வந்தவங்க போனாங்க. குளத்துல மூச்சு முட்டி தோணிய பிடிச்சிட்டு கிடந்த ஒரு அண்ணன் உண்டு, அவரும் வந்து, ஷூவ போட்டு, என்னப் பாத்து, எந்தா மோளே, ஊணு கொண்டு வந்நதாணோண்ணு, சாப்பாட்டுப் பார்சலுண்ணு நினைச்சு, கேட்டுட்டு போனாரு.

பின்ன என்ன செய்ய. பொட்டிய அங்கயே வச்சிட்டு சைக்கிள எடுத்துட்டேன்.

சைக்கிளு பரவாயில்ல. ஓட்டந்தான். முதல்ல சரலு கல்லு குத்துச்சு, அழுகை வந்துது. கொஞ்சம் போனப்போ, எப்படிச் சொல்ல, எங்க ஈரம், எங்க சூடு, எங்க ரப்பர் எலை மெத்துண்ணு கிடக்குண்ணு ஒக்க காலுக்கு தெரியுது. நான் பாட்டுக்கு ஓடுதேன். பெம்பிளைகள்ல மூணாவது வந்தேன். மூணு பேருதான் ஓடுனியளாண்ணு அம்ம கேட்டா.

நல்ல காரியம்தானேண்ணா... மறுநாளு பேப்பருல படம் வந்துட்டு மாமி. முகம் சின்னதா, காலு பெருசா. எங்க ஊரு நேசையன் மாமா அந்தப் பேப்பர கடைக்கே கொண்டு வந்தாரு. எலே ஞானம், ஒனக்க பிள்ளைக்கே ஒனக்க செருப்பு வேண்டாம்ண்ணா நாங்க எதுக்குலே வாங்கணும்ண்ணு. கடையில ஆளு நிக்கச்சில. அண்ணைக்கு சாயந்திரம் சஜின் அண்ணன் பொட்டிய திருப்பி கொண்டு வந்து குடுத்தாரு. அப்பா அந்த முடிச்ச திருப்பித் திருப்பி பாத்தாரு. போட்டது போட்டபடி இருக்கு. தொறந்து கூட பாக்கல்லண்ணு அம்மைட்ட ஒரே ஒரு வார்த்தை.

அதுக்கு பிறகு என்னட்ட நேரா பேச்சே கிடையாது. ஓமனா, அவளுட்ட ஃபேன அணைக்கச் சொல்லுண்ணு அம்மைட்டதான் சொல்லுவாரு. ஃபேனு சுவிச்சு எனக்கு பக்கத்துல, அப்பா எனக்கு எதிர, அம்ம அடுக்களையில.

சொல்லியிருக்கலாம்தான். எப்படி மாமி சொல்ல? கடை பெருசு ஒண்ணும் இல்ல, அவருக்கு பெருமைண்ணு இருக்கது அந்த முடிச்சு. அதுதான் என்ன தடுத்துதுண்ணு முகத்தப் பாத்து சொல்லணும்ண்ணா எனக்கு நாக்கு வராது. காலேஜுல வைவாவுக்கு போய், பேரு கேட்டதுக்கு பதில் சொல்லாம திரும்பி வந்த ஆளாக்கும் நான். இப்ப வெறுங்காலோட ஓடுதது எனக்கு பிடிச்சுட்டு, அது வேற. இனி யாரு ஷூ தந்தாலும் போட மாட்டேன், அதையும் சொல்லத்தான் வேணும். ஆனா அண்ணைக்கு நான் வேண்டாம்ண்ணு விடல்ல. அவுக்க முடியல்ல. அவ்வளவுதான்.

சாரி சாரே. கண்டக்டரு மெதுவா பேசச் சொல்லுதாரு.

இல்ல மாமி, மெதுவா பேச முடியாது. மூத்தவங்க சீட்டுல பொட்டி வச்சிட்டு இருக்காரே, அது அப்பாதான். அறுபது ஒண்ணும் ஆகல்ல, எடம் கண்டதும் உக்காந்துட்டாரு. பாறசாலையில எனக்கு முன்னாலயே ஏறி இருந்தாரு. எங்க போறாருண்ணு எனக்கு எப்படி தெரியும்? டிக்கட்டு ரெண்டு எடுத்தாரு, ஒண்ண கண்டக்டருட்ட குடுத்து என்னக் காட்டினாரு. அந்தப் பொட்டியும் கழிஞ்ச வருசத்துப் பொட்டிதான். முடிச்சும் அதே முடிச்சு.

என்ன? அவரு என்ன செய்யுதாரு? நான் பாக்க மாட்டேன், நீங்க பாத்து சொல்லுங்க. முடிச்சையா? நெகம் வச்சா? வரல்லியா? கண்ணாடிய மாட்டிட்டாரா. இப்ப வருதா? பல்லு வச்சா! அம்மோ, அவருக்கு செட்டுப் பல்லாக்கும் மாமி.

ஆ, கள்ளிக்காடு வந்தாச்சு. ஆளிறங்கணும் சாரே! மாமி, ஒங்க குடை.

எழும்பிட்டாரு. முடிச்சு அவுரல்ல, அப்படியே இருக்கு. பொட்டிய கக்கத்துல வச்சாச்சு. என்னத்துக்கு குனியுதாரு? மாமி, செருப்ப கழத்துதாரு. ரெண்டையும். ஒரு கையில பிடிச்சிட்டு படியில எறங்குதாரு. கீழ முழுக்க சரலாக்கும். ஒரு கால வச்சாரு. எடுத்துட்டாரு. திரும்பவும் வச்சாரு.