அட்டைப்படத்துக் கானாங்கோழி

உங்கள் ஸ்டேஷன் முகப்பில் கூடு கட்டியிருப்பவை ஏட்டு சொல்வதுபோல் சிட்டுக்குருவிகள் அல்ல, சார், உழவாரன்கள். காலையில் அவர் ஒட்டடைக் கம்போடு நின்றிருந்தார். குஞ்சுகள் பறக்கும்வரை பத்து நாள் பொறுக்கச் சொல்லுங்கள்.

என்னைத் தெரியாதவர்கள் இந்தப் பக்கத்தில் குறைவு. பவுலோஸ் மாஷ். முப்பத்தொரு வருடம் பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுத்தேன். சனிக்கிழமைகளில் பறவை பார்த்தேன். வருடத்தில் பாதி நாள் தண்ணீர் நிற்கிற திருச்சூர்க் கோள் வயல்களுக்கென்று, சட்டைப் பைக்குள் அடங்குகிற ஒரு கையேடு எழுதினேன். இருநூற்றுப் பதினெட்டுப் பறவைகள். கல்யாணம் செய்துகொள்ளக்கூட நேரம் வாய்க்கவில்லை. ஒரு வரியிலும் பிழை இருக்கக்கூடாது என்பதுதான் என் ஒரே பிடிவாதம்.

தேவசி பத்தொன்பது வருடமாக எனக்குத் தோணி தள்ளினான். அதற்கு முன் வலை வைத்துப் பறவை பிடித்துக் கள்ளுக்கடைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தவன். பறவையைப் போலவே கூவி, அதை வலைக்குள் வரவழைத்துவிடுவான். என்னோடு சேர்ந்தபின் அந்தத் தொழிலை விட்டான். எங்காவது வலையில் ஒரு கொக்கு சிக்கியிருந்தால், என்னைக்கூடக் கேட்காமல் இறங்கி அறுத்துவிடுவான். நல்லவன். அதில் எனக்கு மறுபேச்சே கிடையாது.

ஆறு வருடத்துக்கு முன், ஒரு ஜனவரிக் காலையில், கோரைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. பாதி நிறைந்த குடத்தில் சொட்டு விழுவதுபோல. அடுத்த இரண்டு சனிக்கிழமையும் கேட்டேன். பறவை கண்ணில் படவில்லை. அந்த இனம் அப்படித்தான், ஒளிந்தே வாழும். வெளிநாட்டு ஒலிப்பதிவுகளோடு ஒத்துப் பார்த்தேன். புள்ளிக் கானாங்கோழி. எங்கள் வயல்களில் அதுவரை எவரும் பதிவு செய்யாதது. என் பெயரில் கட்டுரை வந்தது. கையேட்டின் அட்டையிலும் அதையே வரையச் சொன்னேன்.

போன மாதம் அட்டை அச்சாகி வந்ததும் முதலில் தேவசிக்குத்தான் காட்டினேன். கப்பைக்கிழங்கும் மீன்கறியும் தின்றுகொண்டிருந்தவனுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது.

"ஐயோ மாஷே, இதப் போயி அட்டையில போட்டுட்டீங்களே. இது நாந்தானே."

"எது நீ?"

"அந்தச் சத்தம். புதுசா ஒண்ணும் சிக்கலன்னு மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு இருந்தீங்க. பாக்கவே பாவமா இருந்துச்சு. மீன்கூடையப் பாத்துட்டு வர்றேன்னு கோரைக்குள்ள போனேன்ல? அங்கேருந்து தாமரைத் தண்டுல தண்ணிய விட்டு ஊதினேன்."

"எந்தப் பறவை மாதிரி ஊதினே?"

"எந்தப் பறவையும் இல்ல. வாயில வந்தத ஊதினேன். பேரு வெச்சது நீங்கதான்."

இதை யாரிடமும் சொல்லாதே என்றேன். அவனுக்கு அது விளங்கவே இல்லை. "அட போங்க மாஷே. வெளியீட்டு விழாவுல மேடையேறி ஊதிக் காட்டுறேன், பாருங்க. நம்ம சர்ச் ஃபாதரே வயித்தப் புடிச்சிக்கிட்டுச் சிரிப்பாரு" என்றான். வன்மத்தில் பேசுகிறவனாக இருந்தால் காலில் விழுந்தாவது கேட்டுப் பார்க்கலாம். அன்பில் பேசுகிறவனை என்ன செய்வது?

அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டிருக்கலாமே என்கிறீர்கள். ஒன்று பொய்யென்று தெரிந்தால், மீதி இருநூற்றுப் பதினேழையும் யார் நம்புவார்கள்? அதோடு, பொய் சொன்னவன் அவன்தான், சார். விளையாட்டுக்காரன். நிஜப் பறவை கூவியதையும் தான் கூவியதாகச் சொல்லிக்கொண்டான். எனக்குக் காது இருக்கிறது.

கோடையில் கரையை உயர்த்துவதற்காக மேற்குப் பக்கம் மண் தோண்டினார்கள். தேவசி அப்போது கால் முறிந்து, மனைவி ரோசிலியின் கவனிப்பில் வீட்டில் கிடந்தான். நான் போயிருந்தேன், ஜேசிபிக்குப் பின்னால் மேய்ந்த கொக்குகளை எண்ணினேன். நூற்றிருபத்து மூன்று. குழி இரண்டாள் ஆழம். மழைக்குப் பிறகு தண்ணீர் நிறைந்து, மேலே ஆகாயத்தாமரை மூடிவிட்டது. சுற்றியுள்ள இடமெல்லாம் முழங்கால் தண்ணீர்தான்.

சென்ற சனிக்கிழமை, காலை ஆறு இருபதுக்கு, அங்கே தோணியை நிறுத்தச் சொன்னேன். நடுவில் ஒரு குருட்டுக் கொக்கு வலையில் சிக்கியிருக்கிறது என்றேன். அப்படி ஒன்றும் இல்லை. தள்ளுகம்பை என்னிடம் கொடுத்துவிட்டு, கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினான். நாலாவது எட்டில் மார்புவரை போய்விட்டான்.

முதலில் சிரித்தான். "இங்க ஆழமா இருக்கே மாஷே. கம்ப நீட்டுங்க."

கம்பு பதினான்கு அடி நீளம். அவன் எட்டடித் தூரத்தில் இருந்தான். வேரும் தண்டும் காலைச் சுற்றிவிட்டால் நீந்தத் தெரிந்தும் பயனில்லை.

"அது பறவைதானே, தேவசி?" என்று கேட்டேன்.

அவன் என் கையிலிருந்த கம்பைப் பார்த்தான். பிறகு புரிந்துவிட்டது.

"பறவைதான் மாஷே. நான் ஊதல. சத்தியமா பறவைதான். ரோசிலிக்கு என்னைய விட்டா ஆளில்ல மாஷே. பறவைதான்."

காதில் விழுந்ததை அப்போதே, நேரத்தோடு குறிப்பது என் வழக்கம். ஞாபகத்தை நம்பி எழுதினால் பிழை வந்துவிடும். கம்பைக் கையில் வைத்துக்கொண்டு எழுத முடியாது, தோணிக்குள் கிடத்தினேன். ஆறு இருபத்தேழு. எழுதி முடித்து நிமிர்ந்தபோது ஆகாயத்தாமரை மறுபடி கூடிவிட்டிருந்தது. பூக்கள் கொஞ்சம் ஆடிக்கொண்டிருந்தன.

கால் தவறி விழுந்தான் என்றுதான் ஊர் நம்பியது. நீங்களும் அப்படியே எழுதிக்கொண்டீர்கள். ரோசிலி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி நேரத்துல நீங்களாவது பக்கத்துல இருந்தீங்களே மாஷே" என்று அழுதாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் பறவைதான் என்று அவன் எந்த நிலையில் சொன்னான் என்பது பதிவாகாவிட்டால், சொன்னதற்கு மதிப்பில்லை. சாகப்போகிறவன் சொன்னதைக் கோர்ட்டிலேயே உண்மையென்று எடுத்துக்கொள்கிறார்கள் அல்லவா? அதனால்தான் நானாகவே வந்தேன்.

கொன்றது நான்தான், சார். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள். அந்தப் பறவை இருந்தது என்பதற்கு இப்போது நாங்கள் இரண்டு பேர் சாட்சி.