மூன்றாவது சிலிண்டர்

கம்ப்ரஷன், அதாவது சிலிண்டர் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று, பார்ப்பதற்கு முன் இன்ஜினை நன்றாகச் சூடேற்ற வேண்டும். பல பேர் இதைச் செய்வதில்லை. ஆறிக் கிடக்கும் இன்ஜினில் எடுக்கும் அளவை நம்ப முடியாது.

நான் அன்றைக்கு இருபது நிமிடம் ஓடவிட்டேன். பேட்டரியும் முழுச் சார்ஜில் இருந்தது. இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. கண் ஆபரேஷன் ஆன மனிதர், மீட்டரைச் சரியாகப் பார்த்திருக்க மாட்டார் என்று நீங்கள் நினைக்கலாம். என் மனைவி கிருபாவதி அப்படிச் சொல்லித்தான் என்னைத் தேற்றுகிறாள். இறந்தது அவளுடைய தம்பி ஜாஸ்பர். எனக்குக் கண் தெளிவாகத்தான் தெரிந்தது. பத்து வருடத்தில் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததில்லை.

என் பெயர் இம்மானுவேல். அல்லிநகரத்தில் முப்பத்தொரு வருடமாக டீசல் இன்ஜின் வேலை செய்கிறேன். இந்த ஸ்டேஷன் ஜீப்பைக்கூட ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அப்போது இங்கே வேறு இன்ஸ்பெக்டர் இருந்தார்.

ஜாஸ்பரின் வண்டி ஒரு பழைய மினி பஸ். ஏலத்தில் எடுத்து, நாங்கள் இரண்டு பேருமாகச் சேர்ந்து அதைக் கேரவன் ஆக்கினோம். சீட்டுகளைக் கழற்றிவிட்டு இரண்டு படுக்கை, ஒரு கேஸ் அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, கூரையில் தண்ணீர் டேங்க். மேகமலைக்கும் மூணாறுக்கும் போகிற குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டான். தச்சு வேலையும் பெயிண்டும் அவன் பொறுப்பு. இன்ஜின் என் பொறுப்பு.

எனக்கு ஒரு ஒழுங்கு உண்டு. வேறு கை பட்ட இன்ஜினை நான் தொடுவதில்லை. அல்லிநகரத்தில் எல்லோருக்கும் இது தெரியும். செல்வமணி என்று ஒரு லாரிக்காரர், பத்து வருட வாடிக்கை. ஒரு முறை உத்தமபாளையத்தில் யாரிடமோ பம்பைப் பிரித்துக் காட்டிவிட்டு வந்தார். லாரியைத் தெருவுக்குத் தள்ளச் சொன்னேன். பழம் வாங்கிக்கொண்டு நான்கு தடவை வந்தார். பழத்தை வாங்கிக்கொண்டேன். லாரியை உள்ளே விடவில்லை.

ஜாஸ்பர் வாடிக்கைக்காரன் இல்லை. இருபத்திரண்டு வருடமாக என்னைக் கேட்காமல் அவன் ஒரு டயர் வாங்கியதில்லை. ஜெபஷீலாவைப் பெண் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, பஸ்ஸில் என் பக்கம் குனிந்து, “எப்டி அத்தான்?” என்று கேட்டான். நல்ல பெண் என்று நான் சொன்ன பிறகுதான் அவனும் சரி என்றான்.

ஆபரேஷனுக்காக மூன்று வாரம் பட்டறையைப் பூட்டியிருந்தேன். அத்தனை நாளும் சாயங்காலம் வந்து என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பேப்பர் வாசித்துக் காட்டினான். வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பட்டறை திறந்த முதல் வெள்ளிக்கிழமை காலையில் கேரவனைக் கொண்டுவந்தான்.

“என்னத்தான், கறுப்புக் கண்ணாடி போட்டதும் ஆளே மாறிட்டீக. வண்டியப் பாப்பீகளா, இல்ல சூட்டிங் எதுவும் இருக்கா?”

“வாய மூடிட்டு இன்ஜினத் தெற, மாப்ள.”

“நாளைக்குப் பூப்பாறைக்குப் போறோம். ஜெபா தங்கச்சி புதுவீட்டுல ஜெபம். ஞாயித்துக்கெழம மத்தியானம் எறங்கிருவோம். அதான், கம்ப்ரஷன் ஒரு தடவ பாத்துருங்க.” பிறகு பின்னந்தலையைச் சொறிந்தான். “அத்தான், ஒண்ணு சொல்லணும்.”

“மொதல்ல வேல. கதையெல்லாம் அப்புறம்.”

அந்த வண்டியில் இன்ஜின் மூடி உள்ளேயே, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மூடியைத் தூக்கி வைத்துவிட்டு டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றினேன். ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் அடியில் ஒரு செம்பு வாஷர் இருக்கும். நான் பழைய வாஷரையே தீயில் பழுக்கக் காட்டி, தண்ணீரில் போட்டெடுத்து மறுபடி வைப்பேன். செம்பு இளகி நன்றாக உட்காரும். நிறம் மட்டும் கறுத்திருக்கும். அன்றைக்கு நான்கு வாஷரும் புதிதாக இருந்தன. கடையில் வாங்கி, அப்படியே வைத்தவை.

நான் படுத்திருந்தபோது வேறு யாரோ இந்த இன்ஜினைத் திறந்திருக்கிறார்கள்.

என் ஒழுங்குப்படி நான் அப்போதே எழுந்து கை கழுவியிருக்க வேண்டும். கழுவியிருந்தால் ஜாஸ்பர் இன்று உயிரோடு இருப்பான். நான் கழுவவில்லை. அவனிடம் கேட்கவும் இல்லை. வாஷர்களை வரிசையாகத் துணியில் வைத்துவிட்டு, முதல் ஓட்டையில் மீட்டரை மாட்டினேன்.

டீசல் வராமல் அடைத்துவிட்டு, அவன் ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். நான் முள்ளைப் பார்க்க வேண்டும். முள் என் பக்கம் மட்டும்தான் தெரியும். முதல் சிலிண்டர் இருபத்தெட்டு கிலோ. இரண்டாவது இருபத்தேழு. அவன் ஒன்றும் கேட்கவில்லை.

மூன்றாவது பதினேழில் நின்றது. ஒரு கரண்டி ஆயில் ஊற்றி மறுபடி சுற்றச் சொன்னேன். இருபத்து மூன்றுக்கு ஏறியது. ஆயில் ஊற்றி ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். இன்ஜினை இறக்கிப் பிரிக்க வேண்டும். அதுவரை வண்டி மலை ஏறக் கூடாது.

“மூணாவது எவ்வளவு அத்தான்?” என்றான் ஜாஸ்பர்.

மூன்றாவதை மட்டும் கேட்டான். அவனுக்கு விடை முன்பே தெரியும் என்று எனக்குப் புரிந்தது. இன்னொருவன் பார்த்துச் சொன்ன அளவை மனதில் வைத்துக்கொண்டு, நான் சரியாகச் சொல்கிறேனா என்று பார்க்கிறான். முப்பத்தொரு வருடத்தில் என்னை யாரும் அப்படிச் சோதித்ததில்லை.

“இருபத்தெட்டு,” என்றேன்.

நான்காவதையும் பார்த்துவிட்டு, வழக்கம்போல நான்கு அளவையும், மூன்றாவதற்கு இருபத்தெட்டு என்றே, சாக்பீஸால் மூடியின் உட்பக்கம் எழுதினேன். விபத்துக்குப் பிறகு நீங்கள் எடுத்த போட்டோவில் அது இருக்கிறது. அந்த எழுத்து என்னுடையதுதான்.

பொய் சொல்கிறீர்கள் என்று அவன் சொல்வான் என எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் அங்கேயே பேசித் தீர்த்திருப்போம். அவன் நீளமாக மூச்சு விட்டான்.

“அப்பாடா. நீங்க சொன்னாச் சரித்தான்.”

நடிக்கிறான் என்று நினைத்தேன். கிருபாவதி தோசை வைத்தாள். ஆறு தின்றான். “எக்கா, அத்தானுக்கு ஆபரேஷன் பண்ணுன டாக்டர் ஒனக்கும் பண்ணணும். தோசையில கல்லு கெடக்கு,” என்று அவளை வம்புக்கு இழுத்தான். அவள் கரண்டியை ஓங்கினாள். அவன் இவ்வளவு கலகலப்பாக இருந்து பல நாளாகியிருந்தது. என்னை ஏமாற்றிவிட்ட சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது, “என்னமோ சொல்லணும்னியே?” என்று கேட்டேன். அதுவும் ஒரு சந்தர்ப்பம்தான். நான் அவனுக்குக் கொடுத்தேன்.

“ஒண்ணுமில்லத்தான். இனிமே அது தேவையில்ல.”

மறுநாள் அவர்கள் மலையேறினார்கள். அவ்வளவு கனத்தோடு இறங்கும்போது வண்டியைப் பிடித்து நிறுத்துவது பிரேக் மட்டும் அல்ல. கியரைக் குறைத்துப் போட்டால் இன்ஜினே பிடிக்கும். நோஞ்சான் இன்ஜினுக்கு அந்தப் பிடி இருக்காது. மொத்தக் கனமும் பிரேக்கில் வந்து விழும். வளைவுக்கு வளைவு மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறி, கடைசியில் பிடிக்காமல் போகும். இது எனக்குத் தெரியும். பயந்துபோய்த் திரும்பி வந்து என்னிடம் உண்மையைச் சொல்வான் என்று நினைத்ததாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரைக்கும் அப்படிச் சொல்ல முடிந்தது.

கோயில் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இறக்கம் தொடங்குகிற போடிமெட்டிலிருந்து போன் செய்தான்.

“அத்தான், ஏறும்போதே இழுவ கம்மியா இருந்துச்சு. நீலமாப் புக வேற. ரெண்டாவது கியர்லயே உருட்டிட்டு எறங்கிரவா?”

இரண்டாவதில் மெதுவாக வந்தால் பிரேக்குக்கு அவ்வளவு வேலை இருக்காது. அவன் கேட்டது சரியான கேள்வி. போனில், வண்டியின் பின்னால் அடுப்படியில் டம்ளர் கழுவும் சத்தம் கேட்டது. “அண்ணியாருக்கு ஏலக்கா வாங்கியிருக்கேன்னு அண்ணன்கிட்டச் சொல்லுங்க,” என்று ஜெபஷீலா சொன்னதும் கேட்டது.

“மூணாவதுலயே வா மாப்ள,” என்றேன். “ரெண்டாவதுல போட்டு அலறவிடாத. கம்ப்ரஷன் நல்லாத்தான் இருக்கு. அதுவே பிடிச்சுக்கிரும்.”

“சரித்தான்.”

போனை வைத்துவிட்டு இன்னொரு கரண்டி மீன் குழம்பு கேட்டேன்.

அந்த இறக்கத்தில் நடந்த விபத்துக்குக் காரணம் ஓட்டுநரின் கவனக்குறைவு என்று நீங்கள் எழுதியிருப்பதை நேற்று படித்தேன். அதைத் திருத்தத்தான் வந்தேன். ஜாஸ்பர் கவனமான டிரைவர். நான் சொன்னபடி ஓட்டினான்.

அடக்கம் முடிந்த நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் ஜெபஷீலாவைப் பார்க்கப் போனேன். இடுப்பில் கட்டு. பேச முடிந்தது. நான் கேட்காமலே சொன்னாள்.

“ஒங்ககிட்ட மறச்சது பாவம்ணே. நீங்க படுத்திருந்தப்ப, உள்ள ஒரு குடும்பம் இருக்கும்போது, வண்டி போடிக்கிட்ட நின்னுபோச்சு. சின்னப் பிள்ளைக வேற. அங்கன ஒரு பட்டறையில காட்டுனாக. மூணாவது போயிருச்சு, மலைக்கு எடுக்காதீகன்னு அந்த ஆளு சொல்லிட்டாரு. இவுக ஒத்துக்கல. அத்தான் பாத்துச் சொல்லட்டும், அதுவரைக்கும் தொடமாட்டேன்னு ரெண்டு வாரம் வண்டியவே எடுக்கல. வேற ஆளு கை பட்டது தெரிஞ்சா நீங்க வண்டியத் தள்ளச் சொல்லிருவீகன்னு பயம். தெனமும் சொல்லத்தான் ஒங்க வீட்டுக்கு வருவாக. சொல்லாமலே திரும்பிருவாக.”

கொஞ்சம் தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன்.

“நீங்க இருபத்தெட்டுன்னு சொன்ன அன்னைக்கு வீட்டுக்கு வந்து ஒரே சிரிப்பு. போடிக்காரனுக்கு மீட்டர் பாக்கத் தெரியல ஜெபான்னாக. மீட்டரு தப்பாக் காட்டுமாண்ணே?”

“காட்டும்மா,” என்றேன். “சில நேரம் காட்டும்.”

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாவது சிலிண்டர் பதினேழு. நான் கண்ணால் பார்த்தேன். மூன்றாவது கியரில் அந்த வண்டி நிற்காது என்று தெரிந்துதான் சொன்னேன். ஜெபஷீலா உள்ளே இருந்ததும் தெரியும். இன்னொருவன் சொன்ன உண்மையைக் கையில் வைத்துக்கொண்டே அவன் என் வார்த்தையை நம்பினான் என்பதும் இப்போது தெரிகிறது. எதையும் நான் மறுக்கவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஆனால் இதையும் அதே தாளில் எழுத வேண்டும். வண்டி வழியில் நின்றபோது அவன் முதலில் கூப்பிட்டது என்னை அல்ல.