பதினொரு மணி லேபிள்

"ஹலோ... ஹலோ, சிவபாண்டி? ஏலே, வச்சிராத. மூணு தடவ அடிச்சேன், எடுக்க மாட்டேங்க... ஆமா, ஜாபிர்தான்... ஓடுது, ஓடுது. உன் புது சிஸ்டம் நல்லாத்தான் ஓடுது. இங்க ஈஸ்வரிக்கா வேலைதான் போச்சு."

இராஜபாளையத்து பேண்டேஜ் கம்பெனியில், லேபிள் அடிக்கும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினான் ஜாபிர். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு வந்து, முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சிநேகிதன் தானே செய்த ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றிக் கொடுத்த பென்டிரைவை, லேபிள் அடிக்கும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் செருகிய மகாராசன் அவன்தான். பழைய சிஸ்டத்தைத் தொடவே தொடாது, பக்கத்திலேயே ஏற்றிச் சோதித்துப் பார் என்று சிவபாண்டி சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருந்தான்.

"ஆமா... ஆமாலே, பழசு அப்படியேதான் இருக்கு. ஒரு ஃபைல் போகல... சொல்ல விடு! கடிகாரம்லே, கடிகாரம்! என் போன் நெட்ல நேரத்தப் பாத்து, மிஷினுக்குள்ள லண்டன் நேரத்த எழுதி வச்சிருக்கு உன் சிஸ்டம். பழசுல நெட்டே கிடையாது. திரும்பப் பழசுக்கு வந்து லேபிள் அடிச்சா, அது இதத்தான் நம்ம நேரம்னு நம்பிருச்சு... ஆமா, அஞ்சர மணி நேரம் பின்னால. சாயங்காலம் நாலரைக்கு கிருமி சாக ஸ்டீம் மிஷின்ல வேகவச்ச துணிக்கு, லேபிள்ல காலைல பதினொண்ணுன்னு விழுந்திருக்கு... அதனால என்னவா? துணி கம்பெனி கேட்டுக்குள்ள வந்ததே ரெண்டு மணிக்குலே! சனிக்கிழம இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த ஆளு லேபிளையும் கேட் ரிஜிஸ்டரையும் சேத்துப் பாத்துட்டான். வராத துணிய எப்படிம்மா வேகவச்ச, மிஷின்ல ஏத்தாமலே லேபிள ஒட்டிட்டியான்னு கேட்டுட்டான். பன்னெண்டு வருசமா அக்கா அந்த சூட்டுல கெடந்து வேகுதாவ..."

ஈஸ்வரி கடிகாரம் பார்க்கிறவள் இல்லை. பள்ளிவாசலில் சாயங்காலத் தொழுகைக்கான அசர் பாங்கு கேட்டால் துணியை ஏற்றுவாள், மில் சங்கு ஊதினால் இறக்குவாள். பாங்கு கேட்டுத்தான் சார் ஏத்துனேன் என்று அவள் சொன்னதற்கு, வந்தவர் சிரித்தார். பக்கத்தில் டீ கிளாசோடு நின்றான் ஜாபிர். பதினொன்று என்ற சொல் காதில் விழுந்ததுமே அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்தப் பாங்கு சொல்லும்போது பள்ளிவாசலில் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளூ செய்துகொண்டிருந்தவன் அவன். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. வந்தவர் தலை மறைந்ததும் முதல் வேலையாகக் கடிகாரத்தைத் திருத்தி வைத்தான்.

"நீ எங்க முதலாளிக்கு ஒரு மெயில் போடு. சிஸ்டத்துலதான் தப்புன்னு ரெண்டே வரி... ஏன் முடியாது?... ஓஹோ. நாளைக்கு காலேஜ்ல இந்த சிஸ்டத்த எல்லாரு முன்னாலயும் காட்டணும். பேரு கெட்டுப்போயிரும்... அப்ப அவிய பேரு?... என்னது? ஆபீஸ் மிஷின்ல யாரு போடச் சொன்னாவன்னா கேக்க? தூ, நீயெல்லாம் ஒரு மனுசன்... நானா? நான் எப்படிலே சொல்லுவேன்? அடுத்த நிமிசம் என்னையும்ல வெளிய தள்ளுவாவ... செத்த இரு, ஆரோ கதவத் தட்டுதாவ."

போனைக் காதிலிருந்து எடுக்காமலே கதவைத் திறந்தான். வாசலில் ஈஸ்வரி.

"வாங்கக்கா... என்ன டைப் அடிக்கணும்?... மன்னிப்புக் கடுதாசியா? ஆரு கேட்டா?... மேனேஜரா... ம்... குடுத்தா தூத்துப் பெருக்குற வேலயாவது போட்டுத் தாரேன்னாரா... நீங்கதான் செய்யலையேக்கா... சரி, சரி, அழாதிய. லேபிள முன்னாலயே ஒட்டிட்டேன், தப்புதான்னு... அடிக்கேன்க்கா, உக்காருங்க... ஏலே சிவபாண்டி, கேட்டியா? காதுல விழுந்துச்சா?... ஹலோ?... ஹலோ?"

சிவபாண்டி எப்போதோ வைத்துவிட்டான். கோழைப்பயல் என்று முனகிக்கொண்டே ஜாபிர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். 'அனுப்புநர்' என்று அடித்ததும் விரல் நின்றது. ஈஸ்வரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரையையே பார்த்திருந்தாள். அவன் அவள் பேரையே அடித்தான்.

"மணியும் போடணுமாக்கா? பத்தேகால்... இல்லக்கா, பயப்படாதிய. இந்தக் கம்ப்யூட்டர்ல இப்ப சரியாத்தான் காட்டுது."