பலகைக்கு அந்தாண்ட

இல்ல பாய், இங்க கண்ணாடி மேல வெச்சித் தட்டுனா எனக்குப் புரியாது. நீ அந்தப் பலகைத் தடுப்புக்கு அந்தாண்ட போயி நின்னுகினு தட்டு. நான் இங்க ஸ்டூலு மேல குந்திகினு கேக்கறேன். கீபோர்ட பாத்து இன்னா பண்றது? கேட்டுதான் வாங்கணும்.

ம்ஹும். இது இல்ல. நீல சுவிட்சா? கலருக்கு ஒரு சத்தமா? வேணாம். பட்டாணி வறுக்கறா மாதிரி கீது.

சேப்பா, தட்டு. ஐயே, சத்தமே வர்ல. சத்தம் இல்லாததுதான் ஒசத்தியா? அது உனக்கு. எனக்கு சத்தம் வோணும். அளவா வோணும்.

எம் பொண்ணுக்குத்தான். எழில்மொழி. வூட்ல இருந்தே கம்பெனி வேலை. இந்தா, அவளோட பழசு, பையில எட்த்தாந்தேன். எண்ணூர் காத்துல உப்பு இல்ல? உள்ள துருவேறி பாதிக் கட்டை எழும்பல. மெல்லிசா, வொயர் இல்லாம கீது பாரு, அதே மாதிரி குடு. உசரமானது ஆவாது, மத்தியானத்துக்குள்ள மணிக்கட்டு வலில உசுரு பூடுது. வொயரும் ஆவாது. அவ ரூம்புலயேதான் அடுப்பும், மடியில வெச்சிகினே அடுப்பாண்ட குந்தணும், கொயம்ப கிண்டணும். ஆமா, வேலை செஞ்சிகினேதான் சமையலு. இன்னா சிரிக்கற?

மூவாயிரத்துக்கு மேல போவாத. போன வாரம் மலிவா கீதேன்னு ரப்பர் வெச்சது ஒண்ணு வாங்கினு போனேன். அரை மணி நேரம் ஆவல, எங்கூட்டுக்காரரு வூட்டுப் பலகைத் தடுப்புக்கு அந்தாண்டருந்து கொரல் குடுக்கறாரு. இன்னாடி, கொயந்தைக்கு ஒடம்பு செரியில்லியா, கைல தெம்பே காணோம்னு. தூக்கி ஓரமா வெச்சிட்டேன்.

அவருக்குக் கண்ணு தெரியாது பாய். சக்கரைல போச்சு. ஆர்பர்ல முப்பது வருசம் சரக்கு தூக்கற வின்ச்சு ஓட்னவரு. இரும்புக் கயிறு முனகறத கேட்டே இன்னும் எத்தினி டன்னு தாங்கும்னு சொல்லுவாரு. அந்தக் காத டபாய்க்க முடியாது.

அவள இட்டாரச் சொல்றியா? எப்டி வருவா. பேங்குக்குப் போயிருக்கா, ரெண்டு மணிக்கு வந்து வேலைல குந்துவான்னு அவராண்ட சொல்லிட்டு வந்திருக்கேன். சுருக்கா பாரு.

அப்பனும் பொண்ணும் பேசிக்கறதில்ல. ஒரு நாளு அவ மீட்டிங்ல கேமரா போட்டுகினு கீறா. இவரு வெத்து ஒடம்போட, லுங்கியோட, செவுத்தத் தடவிகினு உள்ள பூந்து, ஏண்டி எங்க என் ரேடியோன்னு ஒரு சவுண்டு. ஆபீசே சிரிச்சிது. அவ வுட்டாளா? கண்ணுதான் இல்ல, அறிவும் இல்லியான்னுட்டா. அதோட செரி. அவரு அவளக் கூப்ட மாட்டாரு, அவ அந்தாண்ட போவ மாட்டா. ஆனா சத்தத்த மட்டும் கேட்டுகினே இருப்பாரு. ரொம்ப நேரம் தட்டிகினே இருந்தா, துன்னச் சொல்லுடி அவளன்னு என்னாண்ட சொல்லுவாரு.

இது இன்னா, பழுப்பா? தட்டு. கொஞ்சம் வேகமா. மூணு நாலு தட்டிட்டு ஒரு நிறுத்து. அந்த நீட்டுக் கட்டைய பெருவெரலால ஒரு அமுக்கு. ம். நிறுத்தாத.

போதும் பாய். வெளிய வா.

நீதான தட்ன? செரி. ஒண்ணும் இல்ல, கேட்டேன்.

இதே குடு. சார்ஜர் வொயரு, கம்ப்யூட்டர்ல சொருவற குச்சி எல்லாம் நீயே வெச்சிக்கோ. எந்தக் கம்ப்யூட்டரும் இல்ல, சேக்கறதுக்கு. லேப்டாப்பு அவ பையில இருந்துச்சு. சித்திரைல ஒரு நாளு ஆபீசுக்கு வரச் சொன்னாங்கன்னு போனா. எர்ணாவூராண்ட கன்டெய்னர் வண்டி ஏறிட்ச்சி. அப்ப இவரு ஸ்டான்லி ஆஸ்பத்திரில கால் வெரல எடுத்துட்டுப் படுத்திருந்தாரு. இப்ப சொல்லாத, தாங்க மாட்டாருன்னாங்க. நாளைக்கி சொல்லலாம், நாளைக்கி சொல்லலாம்னு ஆடி வந்துட்ச்சி. தெருவே வாய மூடிகினு கீது.

எனக்கு இங்கிலீசு எழுத்து எங்க தெரியும்? கைக்கு ஆப்டத தட்றதுதான். காலைல ஒம்போதுலருந்து சாயங்காலம் ஆறு. அவ லீவு நாளுல தட்ட மாட்டேன், அதெல்லாம் செரியா பாத்துப்பேன்.

இத்தினி நாளு போச்சு. நேத்து இவரு கூப்ட்டு, அன்னிக்கி என் மேலதான் தப்பு, கொயந்தைய வரச் சொல்லு, நான் பேசணும்னாரு. வேலையா கீறான்னேன். செரி, முடியட்டும், எழுந்து வர்றப்ப பேசிக்கறேன்னு சொல்லிட்டு, இன்னிக்கி காலைல நான் பேங்குக் கதைய சொன்னதுலருந்து அவ ரூம்பு வாசல்ல சேரு போட்டுக் குந்திகினு கீறாரு.

மணி இன்னா? பில்லு வேணாம், அப்டியே பையில போடு பாய். ரெண்டாவப் போவுது. அவ வர்ற நேரம்.