இரும்பு பயந்த நாள்

எனக்குப் பேய்ப் படம் பார்க்கும் வழக்கம் இல்லை, மேடம். வீட்டில் யாராவது போட்டால் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவுவேன். ஆனால் ஆட்களைப் பயமுறுத்துவதுதான் என் வேலை. கணினியில் ஆடுகிற திகில் விளையாட்டுகளுக்குச் சத்தமும் இருட்டும் அமைக்கிறேன்.

இப்போது செய்துகொண்டிருப்பது, பாழடைந்த மருத்துவமனைக்குள் மாட்டிக்கொண்டவன் உயிரோடு வெளியே வருகிற விளையாட்டு. அவன் கையில் துப்பாக்கி வேண்டும் என்பது முதலாளியின் பிடிவாதம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சுடும்வரைதான் பயம். சுட்டுவிட்டால் பேய் ஒரு வேலையாகிவிடுகிறது. குண்டு எத்தனை மிச்சம் என்று மனம் கணக்குப் போட ஆரம்பிக்கிறது. துப்பாக்கியைப் பிடுங்கிவிட்டு, மாடியில் யாரோ நடக்கிற சத்தத்தை மட்டும் கொடுத்துப் பாருங்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மிச்சத்தை அவனே செய்துகொள்வான்.

“வெறுங்கையால முழம் போடச் சொல்றியா? அடிக்க ஒண்ணும் இல்லன்னா எவன்யா ஆடுவான்?” என்றார் முதலாளி.

அதிலும் நியாயம் இருந்தது. ஒன்றுமே இல்லாதவன் சீக்கிரம் மரத்துப்போகிறான். யோசித்ததில் விடை கிடைத்தது. ஆயுதத்தைக் கொடுக்க வேண்டும். அவன் அதை நம்ப வேண்டும். தேவைப்படும் நேரத்தில் அது உதவக் கூடாது.

இதைச் சோதித்துப் பார்க்க என் மச்சானைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. மனைவியின் தம்பி. எங்கள் வீட்டில்தான் இருந்தான். எங்கள் அலுவலகத்திலேயே விளையாட்டுகளை ஆடிப்பார்த்துக் குறை சொல்லும் வேலை. எதற்கும் அசையமாட்டான் என்பதால் எல்லாருக்கும் அவன் ‘இரும்பு’. போன வாரம் சாப்பாட்டு நேரத்தில், அத்தனை பேர் முன்னாலும், “மாமா, உங்க பேயப் பாத்தா பாவமா இருக்கு. அதுக்கு ஏதாச்சும் சாப்பிடக் குடுங்க” என்றான். நானும் சிரித்தேன். மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

விடுமுறை நாளன்று பகலில் அவனை அழைத்துப்போனேன். ஒலிப்பதிவு அறை தரைக்குக் கீழே இருக்கிறது; கத்தினாலும் வெளியே கேட்காது. நாடித்துடிப்பு பார்க்கும் பட்டையை அவன் கையில் கட்டினேன். பையையும் போனையும் வாங்கி வைத்துக்கொண்டேன். “வெளியே பூட்டிக்கிறேன். பயந்தா உள்ளேருந்து திறந்துக்கோ” என்று ஒரு சாவியைக் கொடுத்தேன்.

“இது எதுக்கு மாமா, காது குடையவா?” என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

அது வேறு பூட்டின் சாவி.

அடுத்த அறையில் உட்கார்ந்து அவன் அறை விளக்கை அணைத்தேன். குளிர்சாதனத்தை நிறுத்தினேன். அவன் முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்த ஒலிபெருக்கியில் யாரோ மூச்சு விடுகிற சத்தத்தை ஓடவிட்டேன். முதலில் சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை. பூட்டுக்குள் சாவி திரும்பாமல் உரசுவது உள்ளே இருந்த மைக் வழியாகக் கேட்டது. என் திரையில் அவன் நாடி ஏறியது. நான் நினைத்தது சரிதான். எந்த விளையாட்டும் அவனை அந்த உயரத்துக்குக் கொண்டுபோனதில்லை.

“மாமா, பயந்துட்டேன். ஒத்துக்கறேன். நீங்க ஜெயிச்சிட்டீங்க. திறங்க.”

கொஞ்சம் கழித்து, “விளையாட்டில்ல மாமா. இழுப்பு வந்துருச்சு. பையில மருந்து இருக்கு” என்றான்.

அவனுக்கு ஆஸ்துமா என்று எனக்குத் தெரியும். பை என் காலடியில் இருந்தது. திறந்தால் பயம் போய்விடும். அப்படி ஒரு பயத்தை மறுபடி உண்டாக்குவது லேசில்லை, மேடம். அக்காவைக் கூப்பிட்டான். பிறகு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டவனில்லை. கதவைத் தட்டுவது மெதுவாகி, நின்றது. திரையில் கோடு இறங்கியது. இதற்குள் பழகிவிட்டானா என்று எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிப் பார்த்தேன்.

என் மனைவி ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னீர்கள். அவளிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். அவள் தம்பியை நான் தனியாக விடவில்லை. கடைசி மூச்சுவரை கேட்டுக்கொண்டு பக்கத்திலேயேதான் இருந்தேன்.