பத்த வச்ச இடம்

— குனிஞ்சு உக்காரு மாப்ளே. எத்தனை தடவை சொல்றது?

— உக்காந்துதான் இருக்கேன் மச்சான். படகுதான் ஆடுது.

— படகு ஆடல, நீதான் ஆடுற. உன் முழங்கால் என் முதுகுல தாளம் போடுது.

— குளிருது...

— எனக்குப் புழுக்கத்துல வேர்த்து ஊத்துது. உனக்குக் குளிருதாக்கும்?

— கப்பல் வருமா, வராதா? அதைச் சொல்லுங்க.

— வரும். இந்தப் பாறைத் திருப்பத்துல எந்தக் கப்பலும் மெதுவாத்தான் போகணும். இந்தக் கடல் மூட்டத்துல வழி தெரியாம இன்னும் மெதுவா வரும். கொக்கி ஏணியை மாட்டுறோம், ஒருத்தன் மேல ஏறிக் கயித்தைப் போடுறான். பாறைக்குப் பின்னாடி நிக்கிற நம்ம ஆளுங்க ஏறிச் சரக்கை அள்ளிக்குவாங்க. அவ்ளோதான்.

— நான் ஏணி செஞ்சு தர்றேன்னுதான் சொன்னேன். கடலுக்கு வர்றேன்னு சொல்லவே இல்ல.

— பொண்ணு கேட்டு வந்தப்ப என்ன சொன்ன? உங்க தங்கச்சிக்காக என்ன வேணா செய்றேன்னு சொன்னியா, இல்ல ஜன்னலுக்குக் கம்பி போட்டுத் தர்றேன்னு மட்டும் சொன்னியா?

— அதைச் சொல்லிட்டு மாட்டிக்கிட்டேன்.

— மாட்டினது நல்லதுதான். இன்னைக்கு ஒரு தடவை வா, அவ கையைப் புடிச்சுக் குடுக்குறேன். எங்க வீட்டு மாப்பிள்ளை கையிலயும் கொஞ்சம் கறை இருக்கணும். இல்லேன்னா நாளைக்கே எங்களைக் காட்டிக் குடுத்துருவான்.

— நல்ல சம்பந்தம்.

— ஹா... வாய் இருக்கு உனக்கு. எனக்கு ஒரு சந்தேகம் மாப்ளே. அந்த இரும்புக் கட்டில் கால். அதை என் தங்கச்சி மூணு தடவை உன் பட்டறைக்குத் தூக்கிட்டு வந்தா. ஒரு வெல்டிங் மூணு தடவையா விடும்?

— விடல மச்சான். அவதான் உடைச்சு உடைச்சுக் கொண்டு வந்தா.

— அடிப்பாவி! சுத்தியலைக் காணோம்னு நான் வீடெல்லாம் தேடினேன்.

— கப்பலை இன்னும் காணோமே மச்சான்.

— ஏன் சிரிக்க மாட்டேங்குற? சரி, கேட்டுக்க. இன்னைக்கு முதல்ல ஏறப்போறது நீ.

— நானா?

— ஏணி செஞ்சவன் ஏறினா எனக்கும் நம்பிக்கை.

— இல்ல மச்சான்... எப்பவும் நீங்கதானே முதல்ல ஏறுவீங்க?

— உனக்கு யார் சொன்னா?

— ...யாரோ சொன்னாங்க.

— நாங்க யார் முதல்ல ஏறுவோம்னு இந்தப் படகுல வர்றவனுக்குத்தான் தெரியும். யார் சொன்னா?

— உங்க தங்கச்சி.

— அவ என் தொழிலைப் பத்தி வாயைத் திறந்து ஒரு வருஷம் ஆச்சு. உன்கிட்ட எதுக்குச் சொன்னா?

— பேச்சுவாக்குல... எனக்கு ஞாபகம் இல்ல மச்சான்.

— என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு.

— முன்னாடி ஏணி செஞ்ச தச்சனைப் பத்திப் பேசினா. அப்பதான் சொன்னா.

— ஓ... அவனைப் பத்தி என்ன சொன்னா?

— ஒண்ணும் சொல்லல. அழுதா. அவனையும் மாப்ளேன்னுதான் கூப்பிட்டீங்களா?

— ஆமா. அவனும் அவளைக் கேட்டுத்தான் வந்தான். உன்னை மாதிரியே வாயாடி. உளி புடிச்ச கை, கடலுக்குப் பழகல.

— ஊரை விட்டு ஓடிட்டான்னு அவகிட்ட சொன்னீங்களாமே.

— வேற என்ன சொல்லச் சொல்ற? அன்னைக்கு மட்டும் அவனை முதல்ல ஏத்தினேன், பாதி ஏணியில வழுக்கித் தண்ணியில விழுந்தான். கப்பல் மேலருந்து ஒருத்தன் லைட் அடிச்சுட்டான். நான்... இஞ்சினைப் போட்டுப் படகைக் கிளப்பிட்டேன். மச்சான், மச்சான்னு கத்தினான் மாப்ளே. எனக்குக் கேட்டுச்சு. நல்லாவே கேட்டுச்சு.

— கேட்டும் வந்துட்டீங்க.

— வந்துட்டேன். லைட் அணைஞ்சதும் திரும்பிப் போய் விடியுற வரைக்கும் தேடினேன். தொண்டை கிழியக் கூப்பிட்டேன். ஒண்ணும் கிடைக்கல. இதை அவகிட்ட எந்த வாயால சொல்றது?

— திரும்பிப் போனீங்களா? நிஜமாவா?

— என் அம்மா மேல சத்தியமா. ஏன், அவ வேற மாதிரி ஏதாவது...

— இல்ல. இல்ல மச்சான்.

— உஷ்! கேக்குதா?

— இஞ்சின் சத்தம்...

— கப்பல்தான். மூட்டத்துல கறுப்பாத் தெரியுது பாரு. ஏணியைத் தூக்கு. மெதுவா, மெதுவா... ஏன்டா இப்படி வெளிறிப்போய் நிக்கிற?

— குடுங்க மச்சான். நானே ஏறுறேன்.

— உன் கையைப் பாரு, பல் துலக்கக்கூட ஆகாது. நீ இங்கேயே இரு.

— இல்ல, நான் ஏறுறேன். விடுங்க.

— உக்காருடா! அவனை விட்டது போதும். உன்னையும் விட்டுட்டு அவ முன்னாடி போய் நிக்க என்னால முடியாது. நானே ஏறுறேன். ம்... மாட்டிருச்சு! கொக்கி எப்படிக் கடிச்சிருக்கு பாரு! உன் கையே கைடா.

— மச்சான்...

— படகை ஒட்டியே புடி.

— மச்சான், ஏணியிலருந்து காலை எடுங்க.

— என்னது?

— ஏறாதீங்க! கொக்கி தாங்காது. கொக்கியை ஏணியோட பத்த வச்ச இடத்துல ஒரு ஓரம்தான் வெல்டிங் வச்சேன். மிச்சத்துக்குப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிச்சிருக்கேன். நடு ஏணிக்குப் போனா உங்க எடைக்கு விட்டுரும்.

— ...டேய்.

— கீழ இறங்குங்க. கப்பல் போனாப் போகட்டும்.

— நீயாடா? என் வீட்டுல உக்காந்து சாப்பிட்டியேடா! அவளைத் தர்றேன்னுதானே சொன்னேன்? உனக்கு நான் என்னடா கெடுதல் பண்ணினேன்?

— எனக்கு ஒண்ணும் பண்ணல. நீங்க திரும்பி வராத அன்னைக்குத்தான் என்கூட வருவேன்னு அவ சொன்னா. இப்ப நான் வாயைத் திறந்துட்டேன்... இனி அவ எனக்கு இல்ல.

— என் தங்கச்சியா? பொய். அவளுக்கு எதுவும் தெரியாது. அவன் ஓடிட்டான்னுதான் இன்னைக்கு வரைக்கும் நம்பிட்டு இருக்கா.

— நீங்க கடல்ல தேடிட்டு இருந்தப்ப தச்சன் நீந்திக் கரைக்கு வந்துட்டான் மச்சான். நீங்க விட்டுட்டு வந்ததைச் சொல்லிட்டு, அவ மடியிலதான் உயிரை விட்டான்.