கடைசியில் வருகிறவள்

மாலை ஐந்து மணி. ஜூன் மாதம், இங்கே நடுக் குளிர்காலம். நம் மேற்குப் பக்கத்தில் அந்த நேரத்துக்கே இருட்டிவிடும், உங்களுக்குத் தெரியும். மரம் ஏற்றும் லாரிகள் மட்டும் போகிற சரளைச் சாலை... ஞாயிற்றுக்கிழமை என்பதால் லாரியும் இல்லை. அந்தச் சாலையில் ஒரு பெண் தனியாக நடந்து போகிறாள். கழுத்தில் சாரணர் துணி. கையில் விசில்.

விளக்கைக் கொஞ்சம் தணியுங்கள். பிள்ளைகள் எல்லாம் தூங்கியாயிற்றா? சரி. இது நம் சாரணர் முகாமின் சமையல் கூடாரத்தில் உருளைக்கிழங்கு உரிக்கிறானே வேட், அவனுடைய அக்கா லியோனிக்கு நடந்தது. அவன் இப்போது இங்கே இல்லை, அதனால்தான் சொல்கிறேன். பயப்படுகிறவர்கள் இப்போதே போய்ப் படுக்கலாம். அப்புறம் பாதி ராத்திரியில் கழிப்பறைக்குத் துணைக்கு வா என்று என்னை எழுப்பக் கூடாது.

லியோனி, டார்பி ஃப்ளாட் என்கிற ஊரின் சாரணர் படையை நடத்தியவள். மர ஆலை மூடிய பிறகு அந்த ஊரில் மிச்சம் இருந்தது ஒரு கடை, ஒரு பப், தகரக் கூரை போட்ட சாரணர் கூடம், அவ்வளவுதான். சனிக்கிழமைதோறும் கடை வாசலில் சாசேஜ் சுட்டு விற்று, அந்தக் காசில் கயிறும் கூடாரமும் வாங்கிய படை. லியோனிக்குக் கல்யாணம் இல்லை, குழந்தை இல்லை. "எனக்கா பிள்ளை இல்ல? ஒரு வேன் நிறைய வச்சிருக்கேன்!" என்று பப்பில் பீற்றிக்கொள்வாளாம்.

அந்தப் பிள்ளைகளுக்குத் தடம் பார்க்கும் விளையாட்டு என்றால் உயிர். நம் பிள்ளைகளும் ஆடுகிறதுதான். முன்னால் போகிற அணி கல்லால் அம்புக்குறி வைத்துக்கொண்டே போகும். மற்றவர்கள் அதைப் பார்த்துப் பின்னால் வரவேண்டும். முடிகிற இடத்தில் ஒரு கல் வட்டம், நடுவில் ஒற்றைக் கல். 'வீட்டுக்குப் போய்விட்டேன்' என்று அர்த்தம். எல்லோருக்கும் கடைசியில் வருகிறவர் அந்தக் குறிகளை ஒவ்வொன்றாகக் கலைத்துக்கொண்டே வரவேண்டும். காடு இருந்தபடி இருக்கவேண்டும், பழைய குறியை நம்பி வேறு எவனும் வழி தவறக் கூடாது. நல்ல வழக்கம்தான். யார் குறை சொல்ல முடியும்?

அன்றைக்குக் கடைசியில் வந்தவள் டாம்சின். பன்னிரண்டு வயது. வாய் ஓயாது, ஒன்று பேச்சு, இல்லாவிட்டால் ஆரஞ்சுச் சுளை. கடைசியில் இரண்டு பேராக வரவேண்டும் என்பது சட்டம். ஆனால் கூட வந்த பையனுக்கு வயிற்றைப் பிசைந்தது. லியோனி அவனைத் தன்னோடு முன்னால் அழைத்துக்கொண்டாள்.

"ஒத்தையா வந்துடுவியா?"

"இதுல என்ன பெரிய வித்தை இருக்கு? நீங்க போங்க. ஒரு கல்லைக்கூட விடமாட்டேன்."

சொல்லிவைத்த மாதிரி பனிமூட்டம் இறங்கியது. எதிரே நிற்கிறவன் முகம் தெரியவில்லை. லியோனி பதறிப்போய் விளையாட்டை நிறுத்தினாள். "குறியெல்லாம் எடுத்துட்டு வேனுக்கு ஓடுங்க!" என்று கத்தினாள். முன்னால் இருந்த பிள்ளைகள் சொன்னபடி செய்தார்கள். பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் இருந்த குறியையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள்.

டாம்சின் அந்த இடத்துக்கு வந்தபோது குறி இல்லை. குறி தவறினால் என்ன செய்யவேண்டும் என்று நாம் சொல்லிக்கொடுக்கிறோம்? கடைசியாகப் பார்த்த குறிக்குத் திரும்பிப் போ, அங்கேயே நில், விசில் ஊது. அவள் எந்தக் குறிக்குத் திரும்புவாள்? எல்லாவற்றையும் அவளே கலைத்துவிட்டாளே.

தேடினார்கள். போலீஸ், நாய், ஹெலிகாப்டர்... இங்கே உட்கார்ந்திருக்கிற சிலரும் போனவர்கள்தான். ஒரு தடயம் கிடைக்கவில்லை. அவ்வளவு சுத்தமாக வேலை செய்திருந்தாள், பாவி மகள். கடைசியில் போலீஸ்காரர்களும் கையை விரித்துவிட்டார்கள். டாம்சினின் அம்மா எய்ல்சா, லியோனியிடம் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள்.

"அவளைக் கூட்டிட்டு வராம என் வாசப்படி மிதிக்காத."

படை கலைந்தது. கூடத்துக்குப் பூட்டு விழுந்தது. லியோனி மட்டும் ஓயவில்லை. ஞாயிறு தவறாமல் அந்தச் சாலைக்குப் போனாள். உயிரோடு கிடைப்பாள் என்று அவளுக்கே நம்பிக்கை இல்லை. ஒரு பூட்ஸ், ஓர் எலும்பு... ஏதாவது கிடைத்தால் அந்தத் தாயின் கையில் கொடுக்கலாமே என்றுதான். இப்படியே இரண்டு குளிர்காலம் போயிற்று.

அப்படிப் போன ஒரு ஞாயிறுதான் நான் முதலில் சொன்னது. சாலை ஓரத்தில் அம்புக்குறி. காலையிலிருந்து மழை, சரளை எல்லாம் ஊறிக் கிடக்கிறது. அந்தக் கற்கள் மட்டும்... காய்ந்திருந்தன. தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பு. யாரோ இப்போதுதான் உள்ளங்கையில் வைத்திருந்து கீழே வைத்த மாதிரி.

நீங்களும் நானும் என்றால் வண்டியைப் பார்த்து ஓடியிருப்போம். லியோனி டார்ச்சை ஏற்றிக்கொண்டு காட்டுக்குள் நுழைந்தாள்.

அடுத்த அம்பு. அதற்கடுத்தது. இலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம். வேறு ஒன்றும் இல்லை... பறவை இல்லை, காற்று இல்லை. அப்புறம், பின்னாலிருந்து...

சர்ர்ர்... சர்ர்ர்... டொக்.

பூட்ஸ் காலால் தரையைத் தேய்த்து, கல்லைப் புதருக்குள் உதைக்கிற சத்தம். நம் கூட்டத்தில் அந்தச் சத்தம் தெரியாதவர் யார்? பெர்சி, நீ ஏன் கூடாரத் துணியை இழுத்துக் கட்டுகிறாய்? குளிரா? சரி, குளிர்தான்.

லியோனி திரும்பினாள். யாரும் இல்லை. சற்று முன் தாண்டிவந்த அம்பும் இல்லை. விசிலை எடுத்து ஊதினாள். பதில் விசில் வந்தது... முன்னாலிருந்து அல்ல. பின்னாலிருந்து. தண்ணீர் புகுந்த விசில் மாதிரி, கொழகொழவென்று. கூடவே அழுகிய இலை நாற்றம். அதற்கு நடுவில் ஆரஞ்சுத் தோல் வாசனை.

பயமாகத்தான் இருந்ததாம். ஆனால் சந்தோஷமாகவும் இருந்ததாம். வேடிடம் அப்படித்தான் சொன்னாள். நினைத்துப் பாருங்கள்... சந்தோஷம்.

நடந்தாள். பின்னாலேயே தேய்க்கிற சத்தம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் டார்ச் வெளிச்சத்தில் கல் வட்டம் தெரிந்தது. நடுவில் கல் இல்லை. வெறும் வட்டம். அதற்கு மேல் அம்பு இல்லை, பாதையும் இல்லை. அந்தக் குறிகளை முன்னால் போய் வைத்தது யார் என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது.

பின்னால் சத்தம் நின்றது. முதுகுக்கு வெகு அருகில்...

"எல்லாத்தையும் கலைச்சுட்டேன் லியோனி. இப்ப எந்தப் பக்கம் போகணும்?"

கோபம் இல்லை, அழுகை இல்லை. கொடுத்த வேலையை முடித்துவிட்டுப் பிள்ளைகள் கேட்பார்களே, அந்தக் குரல். லியோனிக்கு மட்டும் வழி தெரியுமா என்ன? அவளும் தொலைந்துதான் நிற்கிறாள். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. வாயில் வந்ததைச் சொன்னாள்.

"என் பின்னாடியே வா."

விடிய விடிய நடந்தாள். காலையில் சாலை ஓரத்தில் கிடந்தவளை லாரிக்காரர் ஒருவர் ஏற்றிக்கொண்டு வந்து ஊரில் விட்டார். நேராக எய்ல்சா வீட்டுக்குப் போனாள். சேறும் சகதியுமாக, கேட்டை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். எய்ல்சா வெளியே வந்தாள்.

"யாருக்காகத் தொறந்து வச்சுக்கிட்டு நிக்கிற?"

"கூட்டிட்டு வந்துட்டேன் எய்ல்சா. ஆனா கடைசியில வர்றவ எனக்கு முன்னாடி உள்ள போகமாட்டா. நான் உள்ள வந்தாத்தான் அவ வருவா. ஒரே ஒரு தடவை என்னை உள்ள விடு."

எய்ல்சா அவளைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் இருந்த வெறும் தெருவைப் பார்த்தாள்.

"குடிச்சிருக்கியா? செத்த பிள்ளைய வச்சு விளையாட உனக்கு எப்படி மனசு வந்துச்சு? போயிடு!"

கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. எய்ல்சாவை நான் குறை சொல்லமாட்டேன். பெற்ற வயிறு. ஆனால் அந்தக் கதவுக்கும் கேட்டுக்கும் நடுவே இருந்தது கொஞ்ச தூரம்தான். மறுபடி மறுபடி போய் நின்றாள் லியோனி. கதவு திறக்கவே இல்லை. அந்த வசந்தத்தில் எய்ல்சா வீட்டை விற்றுவிட்டுக் கடல் தாண்டி எங்கேயோ போய்விட்டாள். எங்கே என்று யாருக்கும் சொல்லவில்லை. பிள்ளை வந்து சேர இனி ஒரு வீடும் இல்லை.

வேட் அக்காவைத் தன்னோடு வடக்குக் கரைக்கு அழைத்துக்கொண்டான். சாயங்காலம் இரண்டு பேரும் கடற்கரையில் நடப்பார்கள். லியோனி மெதுவாக நடப்பாள்... அப்படி ஒரு மெதுவு. நாலடி நடப்பாள், நிற்பாள். ஒருநாள் வேடுக்குப் பொறுக்கவில்லை.

"லீ, நத்தைகூட உன்னை முந்திடும். கொஞ்சம் எட்டி நடயேன்."

"வேகமா நடந்தா அவ பின்தங்கிடுவா வேட். ஒரு தடவை பட்டது போதும்."

வேட் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தான். அலை வெகு தூரத்தில் இருந்தது. காற்று இல்லை. லியோனி நடந்துவந்த பக்கம் மணல், யாரோ பூட்ஸ் காலால் தேய்த்துக் கலைத்த மாதிரி கிடந்தது. அவ்வளவு நீள ஈர மணலில் ஒரே ஒரு வரிசைக் காலடிதான் தெரிந்தது... அவனுடையது.